அரிசி டிரம்முக்குள் ஒரு சைரன்

போன வியாழக்கிழமை காலை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. புதிதாக வாங்கிய திருட்டு அலாரத்தை, வீட்டில் ஏற்கனவே இருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கரோடு இணைக்க வேண்டும்.

அரை மணி நேர வேலை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. பெட்டி மேல் இருந்த படத்தில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் நைட் ஷிப்ட் போகிறவர்கள் இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அந்த ஒரு காகிதத்தால் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது, கேஸ் புக் செய்வது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஏன் புகைகிறது என்று பார்ப்பது, எல்லாமே என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

"நான் படிச்சது சிவில்மா" என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இன்ஜினியரிங்தான?" என்பார் அம்மா.

பக்கத்து பிளாக்கில் யாரோ பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். சரி, ஒரு அலாரம் வாங்கலாம் என்று ஆன்லைனில் நான்தான் வாங்கினேன். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். வியாழக்கிழமை பத்தாவது நாள்.

மற்ற ஒன்பது நாள் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கையேடு படித்தேன். நான் ஜாக்கிரதையான ஆள்.

ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு இன்னொரு முக்கியத்துவம் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மெடிக்கல்.

அப்பா நெய்வேலி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினில் ஆபரேட்டர். பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, அந்த மெஷினின் கேபினில் ஏறி உட்கார்ந்தவர். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்து அந்த மெஷின் போட்டோதான் மாட்டியிருக்கும். போன தடவை மெடிக்கலில் அவருக்கு பி.பி. கூடுதலாக இருந்தது. டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நல்லா தூங்கிட்டு வாங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மெஷின்ல ஏத்த முடியாது. சுரங்கத்துக்கு மேல, கஷ்டமில்லாத ஏதாவது லைட் வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். அதுதான் அவர் அழுவது.

ஆக, வியாழக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா நன்றாகத் தூங்க வேண்டும். தூங்கினால் மெஷின். தூங்காவிட்டால் லைட் வேலை.

நெய்வேலியில் நைட் ஷிப்ட் வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு அப்பா படுத்துவிட்டால் எங்கள் வீடு ஆஸ்பத்திரி. குக்கர் கிடையாது. மிக்ஸி கிடையாது. சட்னிக்கு அம்மியும் கிடையாது, முதல் நாளே அரைத்து வைத்துவிடுவோம். அம்மா கொலுசு போட்டதே இல்லை. கேட்டில் அப்பாவின் ஹெல்மெட் தொங்கும். அது தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று தெரு முழுக்கத் தெரியும். மீன்காரர்கூட எங்கள் கேட்டருகே வரும்போது "மீனே" என்பதை ரகசியம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் போய்ப் பழைய குரலை எடுப்பார்.

இருபது வருஷமாக நாங்கள் பகலில் கிசுகிசுத்துத்தான் பேசுகிறோம். நான் பேசப் பழகியதே கிசுகிசுப்பில்தான் என்று அம்மா சொல்வார்.

"இன்னிக்கிப் போயி அந்த டப்பாவ மாட்டணுமா?" என்று அம்மா கிசுகிசுத்தார்.

"ரிட்டர்ன் இன்னிக்கோட முடியுதும்மா" என்று நானும் கிசுகிசுத்தேன். "சத்தமே வராது. எல்லாம் போன்லயே பண்ணிடலாம்."

சத்தமே வராது. இந்த வார்த்தைகளை நான் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன்.

கிட்டில் இருந்தது மூன்று பொருள். முன்கதவுக்கு ஒரு சென்சார், பின்கதவுக்கு ஒரு சென்சார், சுவரில் ஒட்ட ஒரு சைரன். இரண்டு கதவிலும் சென்சாரை ஒட்டிவிட்டு, அடுப்படி வாசலுக்கு மேலே சைரனை ஒட்டினேன். சுத்தியல் வேண்டாம், டேப்தான். இதுவரை பிரமாதம்.

அடுத்து அலாரத்தையும் ஸ்பீக்கரையும் அறிமுகப்படுத்த வேண்டும். இங்கேதான் தெரிந்தது, இரண்டுக்கும் ஆகாது.

அலாரப் பெட்டியின் பின்னால், "இவற்றோடு இயங்கும்" என்று வரிசையாகப் படங்கள் இருந்தன. எங்கள் ஸ்பீக்கரின் படமும் இருந்தது. ஆனால் அதன் தலையில் எறும்பு மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில். ஒன்பது நாள் கையேடு படித்தவள், கடைசிப் பக்கத்தில் உத்தரவாத அட்டைதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அலாரக் கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள் பேச முடியாதே, பின்பக்கம் பலா மரத்தடிக்குப் போனேன். பெட்ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான் என்பதால் அங்கேயும் கிசுகிசுப்புதான்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க."

"ஹலோ... உங்க அலாரம் வாங்கியிருக்கேங்க..."

"மேடம், கொஞ்சம் சத்தமா பேச முடியுங்களா?"

"முடியாதுங்க."

உடனே எதிர்முனையில் அவர் குரலும் தாழ்ந்தது.

"மேடம்... வீட்டுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு."

"எங்க இருக்காரு மேடம்?"

"பெட்ரூம்ல."

"நீங்க பத்திரமா இருக்கீங்களா?"

"நான் தோட்டத்துல மரத்துக்குப் பின்னாடி இருக்கேங்க."

"நல்லது மேடம். அங்கேயே இருங்க. அந்த ஆளு என்ன பண்றாரு?"

"தூங்குறாரு."

"தூங்குறாரா! தெரிஞ்ச ஆளா மேடம்?"

"எங்கப்பா."

அவர் பெரிதாக மூச்சுவிட்டது எனக்கு இங்கே கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். பழைய குரலுக்கு வந்துவிட்டார்.

"எங்க அலாரம் எங்க ஆப்ல சூப்பரா ஒர்க் ஆவும் மேடம். ஸ்பீக்கரோட சேரலன்னா ஸ்பீக்கர்காரங்களக் கேளுங்க."

ஸ்பீக்கர்காரர்களைக் கேட்டேன். "எங்க ஸ்பீக்கர் எல்லாத்தோடயும் சேரும் மேடம். அலாரம் சேரலன்னா அலாரக்காரங்களக் கேளுங்க."

கல்யாணப் பேச்சில் இரண்டு சம்பந்திகள் உட்கார்ந்துகொண்டு, "அவங்க பக்கம் என்ன சொல்றாங்களோ அதுதாங்க" என்று மாறி மாறிச் சொல்வார்களே, அதேதான். நடுவில் ஒரு தரகர் வேண்டும்.

தரகரும் இருந்தார். கையேட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தில்! இரண்டையும் இணைக்க மூன்றாவதாக ஒரு ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டுமாம். இறக்கினேன். அது மிகவும் அன்பான ஆப். தமிழிலேயே பேசியது. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும் பெண். பள்ளிக்கூடத்தில் "வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் யார்?" என்றால் முதலில் எழுந்து நிற்பவள்.

முதல் கேள்வி: "உங்கள் வீட்டார் உறங்கும் நேரம் எது?"

யோசித்துப் பார்த்தேன். அம்மா பத்து மணி முதல் ஐந்து வரை. நான் பதினொன்று முதல் ஆறு வரை. அப்பா இந்த வாரம் காலை எட்டரை முதல் மதியம் இரண்டரை வரை. மூன்றையும் தனித்தனியாக, துல்லியமாக நிரப்பினேன். ராத்திரி நேரத்தை மட்டும் போட்டால் அது பாதி உண்மைதானே?

இரண்டாவது கேள்வி: "திருடன் உங்கள் போனைப் பறித்து அலாரத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?"

இப்படி ஒரு திருடனை நான் நினைத்தே பார்த்ததில்லை! என் பயத்துக்கே தோன்றாத பயம் அது. "உறக்க நேரத்தில், பதிவு செய்த குரலால் மட்டுமே அலாரத்தை நிறுத்த முடியும்" என்று ஒரு கட்டம் இருந்தது. உடனே டிக் செய்தேன்.

மூன்றாவது: "உங்கள் குரலைப் பதிவு செய்யவும். 'அலாரத்தை நிறுத்து' என்று மூன்று முறை சொல்லவும்."

ஸ்பீக்கர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் பெட்ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் என்ன செய்வேன்? ஸ்பீக்கரைக் கட்டிக்கொள்ளாத குறையாக அதன் மேல் குனிந்து, காதில் ரகசியம் சொல்வது போல, "அலாரத்தை நிறுத்து... அலாரத்தை நிறுத்து... அலாரத்தை நிறுத்து..." என்றேன்.

"குரல் பதிவாகிவிட்டது" என்று போனில் எழுத்து வந்தது. பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னாடி, அதுகிட்ட மன்னிப்பு கேட்டுகினு இருக்கியா?"

"ரெஜிஸ்டர் பண்றேம்மா. முடிஞ்சிது."

கடைசியாக ஒரு பட்டனை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். திரையில் நிலா படம் வந்தது. காலை ஒன்பதே முக்கால். கீழே அழகான எழுத்தில்: "உங்கள் வீடு உறங்குகிறது. நாங்கள் விழித்திருக்கிறோம்."

என்ன அருமையான தமிழ் என்று ரசித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. வீட்டில் யாரோ தூங்குகிறார்கள், ஆகவே எந்தக் கதவு திறந்தாலும் அது திருடன்தான் என்று அர்த்தம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் முன்கதவு என்பது விருந்தாளிக்கும் தபால்காரருக்கும். மற்ற எல்லாரும் பின்கதவு. பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வி அக்கா ஒரு நாளைக்கு ஐந்து தடவை வருவார். கதவைத் தட்ட மாட்டார். ஹெல்மெட் தொங்குகிறதே! செருப்பைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, கீல் சத்தம் வராமல் கதவை லேசாகத் தூக்கித் திறக்கவும் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். கையில் ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு. கதவை லேசாகத் தூக்கினார். பூனை மாதிரி ஒரு காலை உள்ளே வைத்தார்.

அடித்தது பாருங்கள் சைரன்!

இரண்டு விரல் அகலமுள்ள டப்பாவிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அலமாரிக்குள் டம்ளர் எல்லாம் அதிர்ந்தது. செல்வி அக்கா கிண்ணத்தைக் கீழே போடவில்லை. அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். ஒரு கையால் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையையும் தூக்கி, சரணடைந்த மாதிரி நின்றார்.

"நான் இல்ல! நான் ஒன்னும் எடுக்கல!"

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "நிறுத்துடி! அவரு எழுந்துடப் போறாரு! நாளைக்கி மெடிக்கல்டி!"

போனை எடுத்தேன். நிறுத்து பட்டனை அழுத்தினேன். "உறக்க நேரம். பதிவு செய்த குரல் தேவை" என்றது. அந்த போனைப் பறிக்கும் திருடனுக்கு நானே வைத்த ஆப்பு. திருடன் வரவில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

ஸ்பீக்கரிடம் ஓடினேன். "அலாரத்தை நிறுத்து!" என்று கத்தினேன்.

"மன்னிக்கவும். குரல் பொருந்தவில்லை" என்றது, செய்தி வாசிக்கிற குரலில்.

"அலாரத்தை நிறுத்தூ!"

"மன்னிக்கவும். குரல் பொருந்தவில்லை."

அப்போதுதான் புரிந்தது. நான் பதிவு செய்தது கிசுகிசுப்பு! அந்த ஸ்பீக்கருக்கு என்னைக் கிசுகிசுப்பாகத்தான் தெரியும். கத்தினால் வேறு ஆள். கிசுகிசுத்தால் சைரன் சத்தத்தில் அதற்குக் கேட்காது.

அம்மாவிடம் விஷயத்தைக் கத்திச் சொன்னேன்.

"என்னாது?"

"மெதுவா பேசினாத்தான் அதுக்குத் தெரியும்!"

"அப்ப மெதுவா பேசேன்டி!"

"மெதுவா பேசினா கேக்காதும்மா!"

"இதுக்காடி நாலு வருஷம் படிச்ச!"

நான் படித்தது சிவில் என்று சொல்லும் நேரம் அது இல்லை.

செல்வி அக்கா செயல் வீரர். கிண்ணத்தை மேடை மேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, சைரனைச் சுவரோடு பிய்த்து எடுத்தார். அதைப் பிய்த்தால் திருடன் பிய்க்கிறான் என்று அதற்குத் தெரியுமாம். இன்னொரு ராகத்தில், இன்னும் வேகமாக அடிக்க ஆரம்பித்தது.

"அம்மாடி, கைல புடிச்சா துள்ளுதுடி இது!" என்று அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை முந்தானையில் சுற்றினார். கேட்டது. துண்டில் சுற்றினார். கேட்டது. ஒரு நொடி நாலா பக்கமும் பார்த்தார். நேராக அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அரிசிக்கு அடியில் அதைப் புதைத்தார். மூடியைப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சத்தம் பாதியாகக் குறைந்தது. டிரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா லேசாக அதிர்ந்துகொண்டிருந்தார்.

இதற்குள் கேட்டருகே கூட்டம். மைன்ஸ் இருக்கும் ஊரில் சைரன் சத்தம் என்றால் வேறு மாதிரி, விபத்தோ என்றுதான் முதலில் தோன்றும். ஷிப்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள். சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி, முகமெல்லாம் வெளுத்து, "எந்த மைன்ஸ்லம்மா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "மைன்ஸ்ல இல்லங்க! எங்க வீட்லதான்! சும்மாதான் அடிக்குது!"

"சும்மா அடிக்குதா? பூரா தெருவும் நடுங்கிப்போச்சேம்மா!" என்றார். பிறகு கேட்டைப் பார்த்தார். "ஹெல்மெட் தொங்குது? உள்ள ஆளு தூங்குறப்பவா இத அடிக்க வுட்டீங்க?"

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. திருட்டுக்கு இருக்கும் மன்னிப்பு எங்கள் ஊரில் இதற்குக் கிடையாது.

போர்வையை எடுத்தேன். ஸ்பீக்கரையும் என்னையும் சேர்த்து மூடிக்கொண்டேன். செல்வி அக்கா வெளியிலிருந்து இரண்டு தலையணையை என் மேல் அழுத்தினார். உள்ளே இருட்டு, புழுக்கம். வாயை அதன் மேல் வைத்து, இருபது வருஷப் பயிற்சி முழுவதையும் திரட்டி, கிசுகிசுத்தேன்.

"அலாரத்தை நிறுத்து..."

"வணக்கம் ஜெசி" என்றது. "அலாரம் நிறுத்தப்பட்டது. உங்கள் வீடு பாதுகாப்பாக உள்ளது."

சத்தம் நின்றது. மொத்தமாக நின்றது. காற்றுகூட அடிக்கவில்லை.

போர்வையிலிருந்து தலையை நீட்டினேன். மூன்று பேரும் பெட்ரூம் கதவையே பார்த்தோம்.

கதவு சாத்தியே இருந்தது.

அம்மா டிரம்மில் உட்கார்ந்தபடியே நெஞ்சில் சிலுவை போட்டார். "எழுந்திருக்கல..." என்று உதட்டை மட்டும் அசைத்தார். செல்வி அக்கா கையெடுத்து ஃபேனைக் கும்பிட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

கதவு படாரென்று திறந்தது. லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அப்பா வெளியே வந்தார். கண்ணெல்லாம் பதற்றம்.

"என்னா ஆச்சு? ஏன் நின்னுபோச்சு?"

யாருக்கும் புரியவில்லை.

"எது நின்னுபோச்சு?" என்றார் அம்மா.

"சைரன் அடிச்சிகினு இருந்துதே! ஏன் நிறுத்துனாங்க? என்னா ஃபால்ட்டு?"

"அது... அடிச்சது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்காம? அரைத் தூக்கத்துல இருந்தேன். அது அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் நல்லா கண்ண சொருகுச்சி." ஹாலைச் சுற்றிப் பார்த்தார். போர்வைக்குள் இருந்து என் தலை. கையில் தலையணையோடு செல்வி அக்கா. டிரம் மேல் அம்மா. "எங்க மைன்ஸ்ல மண்ண ஏத்திகினு போற பெல்ட்டு ஓடறதுக்கு முன்னாடி சைரன் அடிக்கும். அது அடிச்சா எல்லாம் சரியா இருக்கு, ஓடப் போவுதுன்னு அர்த்தம். சத்தம் ஓடிகினு இருந்தா மனசு நிம்மதியா இருக்கும். நின்னாத்தான் தூக்கிவாரிப் போடும். எது நின்னுச்சோ, யாருக்கு என்னாவோன்னு."

"அப்ப மைன்ஸ்லயும் சைரன் அடிச்சா தூங்கிடுவீங்களா?" என்றார் அம்மா, சந்தேகமாக.

"அடிப் போடி. கேபின்ல கண்ண மூடுவனா? இது வூடு. இங்கதான் உடம்பு கேக்குது."

அம்மா மனசுக்குள் மெதுவாக ஒரு கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"ஏங்க. அப்ப நாங்க மெதுவா பேசிகினு, மெதுவா நடந்துகினு..."

அப்பா தலையைச் சொறிந்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டுப் பூன மாதிரி நடக்கிறீங்க. எப்பிடி சொல்றது? உள்ள படுத்திருந்தா வெளிய குசுகுசுன்னு கேக்கும். என்னா பேசறாங்க, என்னத்த மறைக்கிறாங்க, கரண்ட் பில்லா, பொண்ணு எதுனா சொல்லிச்சானு காதத் தீட்டிகினு படுத்திருப்பேன். எங்கருந்து தூக்கம் வரும்?"

"இருபது வருஷமா?" என்றார் அம்மா.

"இருபது வருஷமா" என்றார் அப்பா.

"கொலுசு போடாம! குக்கர் போடாம! இட்லிக்கு முந்தின நாள் சட்னியக் குடுத்துகினு!"

"சட்னி நல்லாத்தான் இருக்கும்" என்றார் அப்பா, வேகமாக.

செல்வி அக்கா தலையணையைக் கீழே வைத்தார். "அண்ணே, நான் எத்தினி வருஷமா செருப்ப வெளிய வுட்டுட்டு முள்ளுல மிதிச்சிகினு வரேன்?"

எனக்கு வேறு ஒன்று உறைத்தது. போன தடவை பி.பி. ஏறியதே, அதற்குக் காரணம் நாங்கள்தானா? வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

மணி பத்தேகால். இரண்டரை வரை தூங்க வேண்டிய மனிதர் ஹாலில் நிற்கிறார். மெடிக்கல் நாளைக்கு.

"நீங்க போயிப் படுங்கப்பா" என்றேன்.

"இவ்ளோ அமைதியா இருக்கே" என்றார் பாவமாக.

அம்மா டிரம்மிலிருந்து இறங்கினார். முந்தானையைச் செருகினார். முதலில் குக்கரை ஏற்றினார். பிறகு கிரைண்டரில் ஊறவைத்திருந்த அரிசியைப் போட்டு ஓடவிட்டார். செல்வி அக்காவைப் பார்த்து, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, முழுக் குரலில் கேட்டார்: "உன் மாமியா ஊருக்குப் போயிட்டாளா இல்லியா?"

"எங்க போறா!" என்று செல்வி அக்காவும் முழுக் குரலில் தொடங்கினார். அந்தக் கதை மதியம் வரை போனது. தெருவுக்கே கேட்டிருக்கும். மாமியாருக்கும்.

பத்து நிமிஷத்தில் பெட்ரூமிலிருந்து குறட்டை வந்தது. கிரைண்டருக்குச் சுருதி சேர்ந்த குறட்டை. அப்பா எழுந்தது மாலை நாலு மணிக்கு.

நான் சைரனை அரிசியிலிருந்து தோண்டி எடுத்து, இடுக்கில் இருந்த அரிசியை ஊக்கால் குத்தி எடுத்து, பெட்டியில் வைத்தேன். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது, நான் வாங்கிய கடையின் ஆப். பொருள் வேலை செய்யவில்லை, பொருள் உடைந்திருந்தது, விவரித்தபடி இல்லை. இதில் எதையும் டிக் செய்ய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அது விவரித்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. கடைசியில் "மற்றவை" என்பதைத் தொட்டு, உண்மையை எழுதினேன்: "எங்கள் வீட்டுக்கு இது ஒத்துவரவில்லை. தவறு பொருளின் மேல் இல்லை." பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று உடனே பதில் வந்தது. பாவம், மிரண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் ஸ்கூட்டியில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் ஒன்றையே சொன்னேன்: "அப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சைரன் கதையெல்லாம் வேணாம்."

"நான் எதுக்கு சொல்லப் போறேன்" என்றார்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எனக்குத்தான் மூச்சு நின்றது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார்.

"நார்மலா இருக்கே! போன தடவை அவ்ளோ இருந்துது? நல்லா தூங்குனீங்களா?"

"நேத்து சூப்பரா தூங்குனேன் சார்."

"என்ன பண்ணீங்க? மாத்திரை ஏதாவது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா, வீட்ல என்ன மாத்துனீங்க?" என்று டாக்டர் என்னையே கேட்டுவிட்டார்.

நேரடியாகக் கேட்டால் எனக்குப் பொய் வராது. "சத்தம் போட ஆரம்பிச்சோம் சார்" என்றேன். பிறகு குக்கர், கிரைண்டர், செல்வி அக்கா மாமியார் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. சைரனும்.

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். வெளியே வந்துதான் படித்தோம்.

"மெஷின் டூட்டிக்கு ஃபிட். வீட்டில் சத்தத்தைத் தொடரவும்."